மீனாவுக்குத் திறந்து வைத்த கதவு

நம் பண்ணை வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் கேட்டிருந்ததைப் பார்த்தேன். சிலந்திக் குரங்குக் கூண்டில் கயிறு கட்ட எந்த முடிச்சு நல்லது என்று ஒருவர் கேட்டிருந்தார். கயிறு எத்தனை இஞ்ச் தடிமன் என்று இன்னொருவர். அதற்கெல்லாம் இப்போது வீடியோ இருக்கிறது, என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். மூன்றாவது கேள்வி புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பிள்ளையுடையது. "அங்கிள், மீனா சாயங்காலம் தனியா தூர மரத்துக்குப் போயிடுது. எண்ணும்போது தினமும் ஒண்ணு குறையுது. விரட்டி உள்ளே கொண்டு வந்துடவா?"

அந்தக் கேள்விக்கு எந்த வீடியோவும் கிடையாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்குச் சாயங்காலம் டியூட்டி முடிவதற்குள் இதைப் படித்துவிடு, பிள்ளே. அதுவரைக்கும் கதவில் கை வைக்காதே.

நான் இந்த வேலைக்குப் படித்துவிட்டு வந்தவன் இல்லை. குமரிக் கடற்கரைக்காரன். வளைகுடாவுக்குப் போனதே மீன்பிடிப் படகு வேலைக்குத்தான். ராசல் கைமா மலையடிவாரத்தில் ஓர் அரபி முதலாளி தன் பண்ணைக்குள் விலங்குக் காட்சிசாலை கட்டிக்கொண்டிருந்தார். மரங்களுக்கு மேலே கூரை மாதிரி வலை போட ஆள் தேவைப்பட்டது. வலை பின்னத் தெரிந்தவன் என்று எனக்கு விசா கொடுத்த கஃபீல் என்னைப் பத்து நாளைக்கு அனுப்பி வைத்தார். வலை முடிந்ததும் குரங்குகளைப் பார்க்க என்னையே நிறுத்திக்கொண்டார்கள். பத்து நாள் இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

என் முதல் தப்பு கயிற்றில்தான். படகில் கயிறு தொங்கினால் யாராவது ஒருவருக்குக் கால் போகும். ஆகவே கூண்டுக்குள் கட்டிய எல்லாக் கயிற்றையும் விரலால் தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இழுத்துக் கட்டினேன். முதலாளி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். குரங்குகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் மூலையிலேயே குந்தியிருந்தன. பிறகு ஷமால் என்கிற வடக்குக் காற்று அடித்து ஒரு கயிறு தளர்ந்து தொங்கியது. விடிந்து பார்த்தால் மொத்தக் கூட்டமும் அந்த ஒரு கயிற்றில். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏணி போட்டு ஏறி அதை மறுபடி இறுக்கிக் கட்டினேன். இப்படி மூன்று தடவை நடந்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது. அவை கிளையில் வாழ்கிறவை. கிளை ஆடும். ஆடாத கயிற்றை அவை நம்பவில்லை. அவற்றுக்குக் கட்டைவிரல் கிடையாது, கொக்கி மாதிரி நான்கு விரல்தான். ஆனால் வாலே ஐந்தாவது கை. வாலின் நுனியில் உள்பக்கம் முடி இல்லாமல் நம் உள்ளங்கை போல ரேகையோடு இருக்கும்.

தளர விட வேண்டும் என்று கயிற்றில் கற்றுக்கொண்டவன், கதவு விஷயத்தில் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு மீனா வர வேண்டியிருந்தது.

மீனாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை அனுபவம் கேட்டால் இவர் குடும்பக் கதை பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகக் கிடப்பதை நானும் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

செலின் அல் கோபாரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ராசல் கைமாவில். பிள்ளைகள் நாகர்கோவிலில் என் அக்கா வீட்டில். அல் கோபாருக்கும் எனக்கும் நடுவில் வரைபடத்தில் ஒரு விரல் நீளம்கூட வராது. ஆனால் விசா, லீவு என்று பார்த்தால் இரண்டு பேரும் ஊருக்குப் போய்ச் சந்திப்பதுதான் சுலபம். ஆஸ்பத்திரி லீவும் பண்ணை லீவும் ஒத்து வந்தால் வருஷத்துக்கு ஒரு மாதம். ஒத்து வராத வருஷம் பதினைந்து நாள். ஒரு வருஷம் அதுவும் இல்லை. அவள் வந்து இறங்கிய அன்று நான் ஏறிப் போனேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கையைக் காட்டிக்கொண்டோம்.

பதினோரு மாதமும் போனில் உருகுவோம். அவள் குரலைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நேரில் பார்த்த இரண்டாவது மணி நேரத்தில் சண்டை தொடங்கிவிடும். நான் ரூமில் ஏழு ஆண்களோடு முறை வைத்துச் சமைத்துப் பழகியவன், அடுப்படியில் போய் என் இஷ்டத்துக்குப் பாத்திரங்களை மாற்றி வைப்பேன். அவள் நைட் டியூட்டி பார்த்துப் பகலில் தூங்குகிறவள், நான் காலை ஐந்து மணிக்குப் பக்கெட்டை உருட்டுவேன். "ஒங்க ரூம்லே இதெல்லாம் வச்சுக்கிடுங்க. இது வீடு," என்பாள். "நீ வார்டுலே பேசுத மாதிரி பேசாத," என்பேன். மூன்று நாள், நான்கு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். எண்ணி எண்ணிக் காத்திருந்த இருபத்தெட்டு நாளில் நான்கு நாளை இப்படியே தொலைப்போம். எங்களுக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றே நான் நம்பினேன். யாரிடமும் சொன்னதில்லை.

இனி மீனா. இப்படிப்பட்ட விலங்குகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு பிளாட்டுகளிலிருந்து என்னென்னவோ எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒரு ஜனவரியில் பர் துபாயிலிருந்து ஒரு பெண் சிலந்திக் குரங்கு வந்தது. மீனா பஜார் பக்கத்து பிளாட் என்பதால் மீனா என்று நாங்களே பெயர் வைத்தோம். இடுப்பில் பெல்ட் கட்டிக் கட்டி முடியே முளைக்காத ஒரு வளையம். டைல்ஸ் தரையில் வளர்ந்ததால் அது தரையில் நடந்தது. சிலந்திக் குரங்கு தரையில் நடப்பது மனசுக்குச் சங்கடமான காட்சி. உயரத்தைக் கண்டால் அதற்குப் பயம். வாலை எதற்கு வைத்திருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியவில்லை. ஏசி ஓடும் சத்தம் கேட்டால் அதற்கு நேர்கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கூட்டத்தில் அப்போது ஏழு பேர். பெண்களில் மூத்தது ராணி, மடியில் குட்டி. மீனாவைப் பக்கத்துக் கம்பிக் கூண்டில் வைத்தோம். அது கம்பி வழியாக மற்றவை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மார்ச் மாதம் ஒரு காலையில் போய்ப் பார்க்கிறேன், மேல் கம்பியில் வாலைச் சுற்றிக்கொண்டு நான்கு கையும் சும்மா தொங்க, தலைகீழாகக் கிடந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிக்கல் கோடைதான். ஜூன் வந்தால் விலங்குகளை வெளியே வைக்க முடியாது. குரங்குகளுக்கு ஏசி வீடு ஒன்றே ஒன்று. அதில் எட்டாவதாக மீனா இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும். வேறு இடமும் ரெடியாக இருந்தது, யாரோ ஒருவரின் மாளிகை முற்றத்தில் விருந்தாளிகள் பார்க்க ஒரு தனிக் கூண்டு. மேனேஜர் எகிப்துக்காரர், கெட்டவர் இல்லை. அரபியும் இந்தியும் கலந்து சொன்னார்: மே கடைசிக்குள் சேர்ந்தால் சரி, சேராவிட்டால் வண்டி வரும், கலாஸ், அத்தோடு முடிந்தது.

ஏப்ரலில் பெரிய கூண்டில் பகலில் எல்லாவற்றையும் சேர்த்து விட்டோம். மீனா தூரத்தில் நின்ற காஃப் மரத்தைப் பிடித்துக்கொண்டது. நம் ஊர் வன்னி மரம்தான் அங்கே காஃப். மற்றவை இந்தப் பக்கம், மீனா அந்தப் பக்கம். சண்டை இல்லை. நான் அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானத்திலிருந்தே வானம் மஞ்சளாக இருந்தது. மணல் காற்று வரப்போகிறது, எல்லாவற்றையும் உள்ளே அடையுங்கள் என்று மேனேஜர் வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டிருந்தார். டியூட்டி முடிய இருபது நிமிஷம். ஏழும் உள்ளே போய்விட்டன. மீனா வாசலில் நின்று உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. நான் பழத்தைக் காட்டி உள்ளே இழுத்து, இழுப்புக் கதவைத் தள்ளிச் சாத்தினேன். வாக்கியில் சொன்னேன், "எட்டும் உள்ளே."

பழம் கொண்டு வருகிற கூலர் வண்டி வரைகூட நான் நடக்கவில்லை. உள்ளே அலறல் கிளம்பியது. ஓடி வந்து கதவைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ராணியும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து மீனாவை மூலையில் அமுக்கியிருந்தன. மூன்று மாதம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வால், அதன் நுனி மூன்று விரல் அளவுக்கு இல்லை.

டாக்டரம்மா வந்து தையல் போட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். படிக்கிற காலத்தில் மத்திய அமெரிக்கக் காட்டில் இரண்டு வருஷம் இந்தக் குரங்குகளின் பின்னாலேயே நடந்தவர். மயக்கத்தில் கிடந்த மீனாவின் வாலைக் கட்டி முடித்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் அண்ணை கதவைச் சாத்தினீங்கள்?"

"எட்டையும் ஒண்ணாச் சேக்கணும்னுதானே டாக்டரம்மா இவ்வளவு பாடு."

"அதுகள் எப்பவும் ஒண்டா இருக்கிறேல்லை. விடிஞ்சா ரெண்டு மூண்டாப் பிரிஞ்சு போயிடும். ஒரே மரத்தில எல்லாருக்கும் பழம் இருக்காது அண்ணை. அதாலதான் பிரியுதுகள். சிலது மூண்டு நாலு நாள் மற்றதுகளின்ர கண்ணிலயே படாது. ஆனா அதெல்லாம் ஒரே கூட்டம்தான்."

பழத்துக்காகப் பிரிகிறவர்களைப் பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப மறுபடி சந்திக்கும்போது?" என்று கேட்டேன்.

"அதுதான் ஆபத்தான நேரம். பிரிஞ்சு இருந்தது திரும்பி வரேக்க, என்ன மனசோட வருதெண்டு மற்றதுக்குத் தெரியாது. அடிபிடி வாறது அந்த முதல் சில நிமிஷத்திலதான். அதனால முதல்ல கிட்ட வந்து, ஒண்டையொண்டு கட்டிப்பிடிச்சு, நெஞ்சில மூக்கை வச்சு மணந்து பாக்கும். பாசம் எண்டு மட்டும் நினையாதேங்கோ. நான் சண்டைக்கு வரேல்லை எண்டு சொல்றது அது. பெண் குரங்குதான் பிறந்த கூட்டத்தை விட்டுப்போட்டு வேற கூட்டத்துக்குப் போய்ச் சேரும். புதுசா வாறவளை அங்க இருக்கிற பெண்டுகள் லேசில விடாதுகள். அதுக்கு எட்டி நிக்க இடம் வேணும், விலகிப் போக வழி வேணும். நீங்கள் அந்த வழியைச் சாத்திப்போட்டீங்கள்."

கண்டித்துச் சொல்லவில்லை. கண்டித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று அறைக்குப் போய் நான் மீனாவின் வாலை நினைத்தேனா, எங்கள் நான்கு நாள் சண்டையை நினைத்தேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எட்டும் உள்ளே என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் மீனா விலை கொடுத்தது.

காயம் ஆறி மீனா வெளியே வர மே பத்து ஆகிவிட்டது. இருபது நாள்தான் மிச்சம். டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தோம். கதவைச் சாத்துவதில்லை. ஏசி வீட்டின் இரண்டு அறைக்கு நடுவில் உள்ள கதவும் சரி, வெளிக் கதவும் சரி. யார் எங்கே, யாரோடு தங்க வேண்டும் என்பது அவற்றின் இஷ்டம். மேனேஜர் குதித்தார். வெளியே நின்று வெயிலில் ஏதாவது செத்தால் யார் பதில் சொல்வது என்றார். என் விசாவை கேன்சல் பண்ணி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வாய்தான் தைரியமாகச் சொன்னது. பிள்ளைகளின் காலேஜ் பீஸ் நெஞ்சுக்குள் இடித்துக்கொண்டிருந்தது.

மீனா உள்ளே வரவே இல்லை. காஃப் மரத்தின் உச்சியிலேயே இருந்தது. நான் மரத்தைச் சுற்றி நனைந்த சாக்கு தொங்கவிட்டேன், தண்ணீர் தூவுகிற குழாய் வைத்தேன், நிழல் துணி கட்டினேன். என் பழைய கயிறுகளை இன்னும் தளர்த்திக் கூட்டத்தின் மரத்திலிருந்து காஃப் மரம் வரை ஒரு வழி போட்டேன். சாயங்காலம் வாக்கியில் மேனேஜர் கேட்பார். "ஏழு உள்ளே, ஒன்று வெளியே," என்பேன். பதினொரு நாள் இதையே சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு வரும். அதிகாலையில் மட்டும் மீனா ஒரு குரல் கொடுக்கும், குதிரைக்குட்டி கனைப்பது போல. நான் இங்கே இருக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். பதில் வராது.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. நான் ஆறு மணி டியூட்டிக்குத் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தேன். மீனா கனைத்தது. ஏசி வீட்டுக்குள்ளிருந்து ராணி கனைத்தது. பிறகு குட்டியை முதுகில் போட்டுக்கொண்டு ராணி வெளியே வந்து, நான் கட்டிய தொங்கல் கயிற்றில் காஃப் மரத்தை நோக்கிப் போகத் தொடங்கியது. வாலைக் கடித்த அதே ராணி.

என் கையில் குழாய். திறந்து பீய்ச்சினால் இரண்டையும் பிரித்துவிடலாம். இன்னொரு கடி பட்டால் மீனாவுக்கு வாலே போய்விடும், கதை முடிந்தது, வண்டி வந்துவிடும். பீய்ச்சினாலோ, அவை இரண்டும் சந்திக்கிற நேரம் ஒவ்வொன்றிலும் அந்தத் தண்ணீர் நினைவு இருக்கும். ராணி ஒரு கை தூரத்தில் நின்றது. மீனா விலகிப் போக மறு பக்கத்துக் கிளை காலியாக இருந்தது. அதை நான் பார்த்தேன், மீனாவும் பார்த்தது. நான் குழாயைத் தரையில் வைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால், அந்தக் குழாயைக் கீழே வைத்ததுதான்.

மீனா போகவில்லை. ராணி நீளக் கையை எடுத்து அதன் தோளைச் சுற்றிப் போட்டது. மீனாவின் நெஞ்சில் மூக்கை வைத்தது. மீனாவும் கையைப் போட்டது. இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கும். அவ்வளவுதான், ராணி நகர்ந்துபோய் இலையைப் பிய்த்துத் தின்னத் தொடங்கியது. ஒன்றும் நடக்காத மாதிரி.

மே இருபத்தெட்டில் மீனா திறந்திருந்த கதவு வழியாகத் தானாகவே ஏசி அறைக்குள் போயிற்று. வண்டியை வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று செலினிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டாள். கடைசியில், "அப்பம் நாம ஒண்ணுக்கொண்ணு பிடிக்காம சண்டை போடல, அப்படித்தானே?" என்றாள். அவளும் அதே பயத்தை இத்தனை வருஷம் தனியாக வைத்திருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்டில் லீவு ஒத்து வந்தது. நான் முந்தின நாளே போய்விட்டேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அவள் டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கமாக நான் கேட்பது, "இவ்வளவு லக்கேஜ் எதுக்கு?" அன்று கேட்கவில்லை. டிராலியை ஓரமாக நிறுத்திவிட்டு, டாக்ஸிக்காரர்களும் ஊர்க்காரர்களும் பார்க்க, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் யாரும் செய்கிற காரியம் இல்லை. அவள் கட்டை மாதிரி நின்றாள்.

"என்ன செய்யுதிய? ஆளுவ பாக்காங்க."

"பாக்கட்டும். நான் சண்டைக்கு வரல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலை என் நெஞ்சில் சாய்ந்தது. "கொரங்கு மேய்ச்சு கொரங்குப் பழக்கம் வந்தாச்சு," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இருபத்தெட்டு நாளில் ஒரு நாளையும் நாங்கள் தொலைக்கவில்லை. பாத்திரங்கள் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன.

டாக்டரம்மாவிடம் பின்னால் ஒரு நாள் கேட்டேன், பிரிந்து போகும்போது அவை என்ன செய்யும் என்று. "ஒண்டும் செய்யாது அண்ணை. கூடேக்கதான் எல்லாம். பிரியேக்க சும்மா போயிடும். திரும்பி வருவம் எண்டு தெரிஞ்சதுகள் எதுக்கு விடைபெறுறது?" என்றார்.

நான் ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்துவிட்டேன். செலினுக்கு அங்கே இன்னும் பதினாலு மாதம் வேலை இருக்கிறது. போன மாதம் லீவு முடிந்து அவளை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். முன்பெல்லாம் அதற்கே ஒரு வாரம் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இப்போதும் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்தால் அவள் நைட்டி இன்னும் கொடியில் கிடக்கிறது, எடுத்து மடிக்கக் கை வரவில்லை. ஆனால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்ற அந்தப் பழைய பயம் இல்லை.

ஆகவே பிள்ளே, உன் கேள்விக்குப் பதில். மீனாவை விரட்டாதே. அது தூர மரத்துக்குப் போவது கூட்டத்தை விட்டுப் போவது இல்லை. வால் குட்டையானது, கயிற்றைத் தாண்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள். திரும்பி வருகிற முதல் நிமிஷம் மட்டும் குழாயை எட்டிய இடத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நில். மேனேஜர் வாக்கியில் கேட்டால் குறைகிறது என்று சொல்லாதே. நான் சொன்ன மாதிரி சொல். இங்கே என் வீட்டிலும் தினம் சாயங்காலம் நான் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஒன்று வெளியே. கதவு திறந்திருக்கிறது.